தமிழாசிரியர் வளர்த்த தொழிற்சங்கம்

பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் நம் பெரியவர்கள் ‘பாடு’ என்னும் முறையைப் போற்றி வந்திருக்கிறார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் மீன் பிடிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு, ஊர் கூடி முடிவு செய்வர். வலியவர் எளியவரைத் தள்ளிவிடாதபடி காப்பது அந்தக் கட்டுப்பாடே. ஆகவே காட்டுப்பள்ளிப் பகுதியில் வளரும் நமக்குச் சங்கத்தின் அருமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆலைத் தொழிலாளரை அவ்வாறு ஒன்றுசேர்த்த பெரியோருள் ஒருவர் பள்ளித் தமிழாசிரியர் என்பதுதான் வியப்பு. அவரே தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார்.

திரு.வி.க. அவர்கள் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றார். யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் கற்றார். ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியரானார். மேலே நிர்வாகம், கீழே மாணவர்; இடையே நின்று இரு பக்கமும் பொறுப்பேற்கும் பணி அது. 1917-இல் அதைத் துறந்து ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் எழுந்த அச்சங்கத்திற்கு வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். நீண்ட நேர உழைப்பால் வாடிய பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளருக்கு அவர்களுடைய உரிமையை அவர் இனிய தமிழில் எடுத்துரைத்தார்.

இடையே நின்று பேசுவோர்க்கு எப்போதும் ஆபத்து உண்டு. 1920-இல் ஆலை நிர்வாகம் வாடியா முதலிய சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தது; உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. இறுதியில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தலைவருக்கே காப்பு இல்லையென்றால் தொண்டர் கதி என்ன? இந்த வழக்கின் விளைவாக எழுந்த கோரிக்கையே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழி வகுத்தது.

வாடியா விலகிய பின்னும் திரு.வி.க. விலகவில்லை. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் பெருந்துயரில் முடிந்தது. தொழிலாளரிடையே சாதிப் பிளவு புகுந்தது. ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆளுநர் வில்லிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்த நேரிடும் என்று எச்சரித்தார். அவர் அஞ்சவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலும் தொழிலாளர் பொருட்டு வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1918-இல் மனைவி கமலாம்பிகை மறைந்தபின் மறுமணம் செய்யாது, ‘பெண்ணின் பெருமை’ போன்ற நூல்களை எழுதினார். முதுமையில் பார்வை மங்கிய நிலையிலும் எழுத்துப் பணியை விடவில்லை. 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.

அவர் வாழ்வு பள்ளிகளுக்கும் ஒரு பாடம். துறைத் தலைவர், உதவித் தலைமையாசிரியை, வகுப்புப் பொறுப்பாசிரியை ஆகியோர் மேலிடத்து ஆணையையும் சக ஆசிரியரின் குறையையும் ஒருசேரச் சுமப்பவர்கள். அவர்களுக்கு இடர் வந்தால் யார் துணை? ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் அல்லர் என்று 1988-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் இன்றியமையாததாயிற்று. சங்கம் என்பது நிர்வாகத்திற்குப் பகையன்று. நியாயமாகப் பேச ஒரு வாயில்.

மாணவியரே! வகுப்புத் தலைவியாக நிற்கும் தோழி இரு பக்கமும் பழி சுமக்கிறாள். அவளைத் தனியே விட்டுவிடாதீர்கள். திரு.வி.க. அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இதுவே.