சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியரும் நடிகரும் ஆவார். மக்களிடையே வழங்கிய பழங்கதைகளைச் சிறுவர்கள் பாடி நடிக்கும் இசை நாடகங்களாக அமைத்தவர். நாடகத் தமிழின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுகிறார்.

இளமை

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியபின், 24ஆம் வயதில் நாடகத் துறைக்கு வந்தார். தாள நுணுக்கங்களைப் புதுக்கோட்டைக் கஞ்சிராக் கலைஞர் மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றார்.

வேடம் துறத்தல்

தொடக்கத்தில் இரணியன், எமன், சனீசுவரன் போன்ற வேடங்களை ஏற்று நடித்தார். இவரது எமன் வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண் ஒருவரின் கரு கலைந்தது என்றும், அதனால் மனம் வருந்தி இத்தகைய வேடங்களைக் கைவிட்டார் என்றும் கூறப்படுகிறது. அதன்பின் நாடகம் எழுதுவதிலும் கற்பிப்பதிலுமே பெரிதும் ஈடுபட்டார்.

சிறுவர் நாடகக் குழுக்கள்

அக்காலத்து நடிகர்கள் பலர் எழுதிய உரையாடலை விட்டுவிட்டுத் தம் விருப்பம்போல் பேசியும், மேடையிலேயே போட்டியிட்டுப் பாடியும் வந்தனர். இதனால் கதை சிதைந்தது. பாடத்தை மாற்றாமல் மனனம் செய்து நடிக்கச் சிறுவர்களைப் பழக்க முடியும் எனச் சுவாமிகள் கருதினார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். இன்றைய தென்காசி மாவட்டத்தில் வடகரைக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, சிறுவனாக இச்சபையில் பயின்றவர்களுள் ஒருவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வாண்டு அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். வீட்டையும் பள்ளியையும் விட்டுக் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற இவர்களுக்குக் குழுவே கல்விக்கூடமாயிற்று. பருவ வயதில் குரல் உடைந்தால் முதன்மை வேடங்களை இழக்க நேரிட்டது.

கதைகளும் நாடகங்களும்

இவர் ஏறத்தாழ 40 நாடகங்களை இயற்றினார். அல்லி அர்ஜுனா, பவளக்கொடி ஆகியவை பாரதத்தைத் தழுவிய நாட்டுப்புறக் கதைகள். வியாச பாரதத்தில் இல்லாதவை. ஞானசௌந்தரி, மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்த அரசகுமாரி அவற்றை மீண்டும் பெறும் கதையாகும். இதே போன்ற கதை ஐரோப்பியத் தேவதைக் கதைகளிலும் உண்டு. கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. வள்ளி திருமணம், கோவலன், நல்லதங்காள், சத்தியவான் சாவித்திரி ஆகியவையும் இவரது புகழ்பெற்ற நாடகங்கள்.

கதை முன்பே தெரிந்திருந்ததால் மக்கள் பாடலையும் வாதத்தையும் கேட்கவே வந்தனர். எனவே விருத்தம், வெண்பா, சிந்து, கீர்த்தனை ஆகிய பாவகைகளைக் கையாண்டு, கதைமாந்தர் தருக்கம் செய்யும் காட்சிகளை விரிவாக அமைத்தார். சண்முகம் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததாகக் கூறுவர்.

இறுதிக்காலம்

இறுதிக்காலத்தில் பக்கவாதத்தால் பேச்சை இழந்தார். அந்நிலையிலும் சிறுவர்களைப் பிரியாமல் குழுவுடனேயே பயணம் செய்தார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கிட்டப்பா தமிழ் மேடையின் புகழ்மிக்க பாடகரானார். சண்முகம் தம் சகோதரர்களுடன் சொந்த நாடக சபை நடத்தியதோடு, ஆசிரியரின் வரலாற்றைத் தம் நூல்களில் பதிவு செய்தார். வள்ளி திருமணம் தென்மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடிக்கப்பட்டு வருகிறது.