கொடுமுடிக் கோகிலம்

குடகு மலையில் தோன்றிப் பெங்களூரு வீடுகளின் குழாய்களுக்கும் நீர் தரும் காவிரி, ஈரோட்டைக் கடந்ததும் கொடுமுடி என்னும் ஊரைத் தொட்டுச் செல்கிறது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவர் பெயரின் முன்னெழுத்துகளுள் ஒன்று ஊரையும் மற்றொன்று தாய் பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையின் பெயரையே முன்னெழுத்தாகக் கொள்ளும் வழக்கத்திற்கிடையே இது கவனிக்கத்தக்கது. தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பத்தைத் தாங்கியவர் அத்தாயே.

வறுமை கொடியதாக இருந்தது. இரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரல், நாடகக்காரர்களின் செவிக்கு எட்டியது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் சிறுவனின் வேடம் அவருக்குக் கிடைத்தது. பசியை உண்மையிலேயே அறிந்த குழந்தை மேடையில் பாடி அழுதபோது, அவையோரும் உடன் அழுதனர்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடுபவரே நடிகராக நிலைக்க முடியும். அத்தகைய குரல் வளம் வாய்ந்த மற்றொருவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1926இல் இலங்கையில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட இயலாது என்று சிலர் சுந்தராம்பாளை அச்சுறுத்தியும் அவர் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டனர். அவ்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

அன்று முதல் வெள்ளாடை அணிந்தார். எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். நடிப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு இம்முடிவு எவ்வளவு இழப்பைத் தரக்கூடியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 'நந்தனார்' திரைப்படத்தில் நடிக்க அழைப்பு வந்தபோது, மறுப்பதற்கு வழியாகவே ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார் என்பர். தயாரிப்பாளரோ அதற்கும் இசைந்தார்! 1935இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம், உறுதியும் குலையவில்லை.

நாடகக் கலைஞரைத் தாழ்வாகக் கருதிய அக்காலத்தில், அவர்களை நாட்டு விடுதலை மேடைக்கு அழைத்து வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. சுந்தராம்பாள் கதராடை உடுத்து, 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடிப் பரப்புரை செய்தார். நீண்ட சொற்பொழிவைக் கேட்கப் பொறுமையற்றோரும் அவர் பாட்டுக்காகக் கூடினர். விடுதலைக்குப் பின் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமியற்றும் அவைக்குள் சென்றது அதுவே முதன்முறை என்பர். நடிகர்கள் முதலமைச்சர்களாகும் காலம் பின்னர்தான் வந்தது.

அரசியலுக்காக அவர் இசையைக் கைவிடவில்லை. 1953இல் 'ஔவையார்' படத்தில் முதுமகளாக நடித்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980இல் காலமானார். பழத்திற்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை, 'திருவிளையாடல்' படத்தில் ஒரு மூதாட்டி பாடித் தேற்றுவதை மாணவர் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். இரயிலில் பாடிய அச்சிறுமியே அந்த மூதாட்டி.