டாக்டர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர்

கிரே என்பார் இயற்றிய உடற்கூற்று நூலைக் கேள்வியுறாத மருத்துவ மாணவர் இலர். 1858-இல் வெளிவந்த அந்நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டரை அறிந்தாரோ சிலரே. நூலாசிரியர்க்கு ஆயிரம் பிரதிதோறும் பங்கு கிடைத்தது. ஓவியர்க்கு ஒரே முறை 150 பவுன் கொடுத்து அனுப்பிவிட்டனர். அவர் நம் நாட்டு ஏழை உழவரது காற்புண்ணை ஆராய்ந்த வரலாறே நாம் ஈண்டுக் கூறப்புகுந்தது.

1831-இல் இங்கிலாந்தில் ஹல் நகரில் ஓவியர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்த கார்ட்டர், நூல் அச்சேறி வெளிவருமுன்னரே கப்பலேறிப் பம்பாய் அடைந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயினார்.

வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர்க்கு முள் தைத்தல் இயல்பு. காயம் ஆறிவிடும். திங்கள் பல சென்றபின் அவ்விடம் கட்டியாய்த் தடித்து, பாதம் வீங்கிப் புரையோடி, பல கண்கள் திறந்து, சீழுடன் குருணை போன்ற மணிகள் வெளிப்படும். நோவு மிகாமையால் வறியோர் வாளா இருந்துவிடுவர். அதற்குள் எலும்பும் அரிக்கப்படும். மதுரையில் இந்நோயைக் கண்டு 1842-இல் கில் என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். மதுரைக்கால் என்னும் பெயர் பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் மூதூர்க்கு இப்படியும் ஒரு புகழ்!

காலைத் துணித்தலே அந்நாளில் மருந்து. கார்ட்டரோ துணித்த கால்களை எறிந்துவிடாது, அவற்றுள் இருந்த மணிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து நோக்கினார். சில வெளிறியவை, சில கரியவை எனப் பகுத்தார். புறத்தேயிருந்து புகுந்த உயிர் ஒன்று உள்ளே வளர்வதே நோய் எனத் துணிந்தார். மைசிடோமா என்னும் பெயரும் அவர் இட்டதே. 1874-இல் இவையனைத்தையும், தம் கைப்பட வரைந்த படங்களோடு, நூலாக்கினார். அவர் யாவும் பூஞ்சை என்றே கருதினார். அது பாதியே மெய்யாயிற்று. கரிய மணி பூஞ்சையே. வெளிறியவற்றுட் பல பாக்டீரியா என்பது பின்னர்த் தெளிந்தது. அவற்றுள் ஒன்றுக்கு ஆக்டினோமதுரா என மதுரையின் பெயரே நிலைத்தது. இன்றும் மருத்துவர் முதலில் நோக்குவது மணியின் நிறத்தையே. பின்னரே அதனை நசுக்கிப் பார்த்தும், வளர்த்துப் பார்த்தும், தசைத்துண்டு எடுத்துச் சோதித்தும் உறுதி செய்வர். பாக்டீரியாவாயின், கோட்ரைமாக்சசோல், அமிகாசின் முதலிய மருந்துகளைப் பல மாதம் கொடுத்துக் காலைக் காக்கலாம். பூஞ்சையாயின் குணமாதல் அரிது, அறுவையும் வேண்டியிருக்கும். ஆதலின் இரண்டையும் பிரித்தறிதலிலேயே ஒருவனது கால் நிற்பதும் போவதும் அடங்கியுள்ளது.

குட்டநோயையும் அவர் ஆராய்ந்தார். 1877-இல் பம்பாயிற் பரவிய பஞ்சக் காய்ச்சலில், நோயாளிகளின் இரத்தத்தில் சுருள்வடிவக் கிருமிகளைக் கண்டார். தாமும் அக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். 1888-இல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு மீண்டு, 1897-இல் ஸ்கார்பரோவில் காசநோயால் காலமாயினார்.