பதினொரு படுக்கைகளின் எல்லை

மென்பொருள் திட்டங்கள் பல, திறமைக் குறைவால் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கப்படும் வசதிகளின் சுமையால்தான் தள்ளாடுகின்றன. எதைச் செய்யப்போவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளும் குழுக்கள் மிகச் சில. கணினித் துறை இன்றும் தடுமாறும் இப்பாடத்தை, மதுரையில் ஒரு கண் மருத்துவர் ஓய்வுக்காலத்தில் நடத்திக் காட்டினார்.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரம் வட்டாரக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் பிறந்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் தேர்ச்சி பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கு முடக்குவாதம் தாக்கியது. நீண்டகாலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவம் கைவிட்டுப் போனது. கண் மருத்துவம் பயின்று, அந்த விரல்களுக்குப் பழக்கப்படுத்திய கருவிகளைக் கொண்டே தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

இது நோய் விதித்த எல்லை. அவர் தாமே விதித்துக்கொண்ட எல்லைகள்தாம் நம் கவனத்துக்கு உரியவை.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து 1976-இல் ஓய்வு பெற்றவர், அண்ணா நகரில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்களின் துணைவர்களும் தோள் கொடுத்தனர். படுக்கைகளில் 6 இலவச நோயாளிகளுக்கு, 5 கட்டணம் செலுத்துவோருக்கு. தென்மாவட்டங்களில் அவருக்கிருந்த பெயருக்குப் பொது மருத்துவமனையே தொடங்கியிருக்கலாம். கண்ணைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. கண்ணிலும், பார்வையை மீட்டுத் தரக்கூடிய கண்புரைக்கே முதலிடம்.

அறுவை அரங்குக்குள்ளும் அதே கறார். அறுவை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை அவர் செய்வார். நோயாளியை ஆயத்தப்படுத்துதல் போன்ற பிற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கவனிப்பார்கள். ஒரு மேசையில் சிகிச்சை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். எங்கும் ஒரே முறையில் வேலை நடத்தும் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை அவர் வியந்தது பலரும் அறிந்ததே. துரித உணவுக் கடையையும் கண் மருத்துவமனையையும் இணைத்துப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்!

ஒருமுறை எல்லை மீறப்பட்டதாகத் தோன்றலாம். 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு, மருத்துவமனையினர் உற்பத்தியிலும் இறங்கினர். புரை அகற்றிய கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைக்கு எட்டாத விலை. வில்லை இல்லாதவருக்குத் தடித்த கண்ணாடிதான் கதி. எடுத்த பணியே அந்த வில்லையைக் கேட்டது. ஒரு மென்பொருளில் புதிய வசதியைச் சேர்க்கலாமா என்று விவாதிப்போரும் இதே உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அவர், 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். தடித்த கண்ணாடி இல்லாமல் வீடு திரும்பும் முதியவர்களை அண்ணா நகரில் இன்றும் பார்க்கலாம்.