செவ்வாயில் நீர் தேடிய லோவெல்

பெரும்பொருளையும் இருபதாண்டு உழைப்பையும் ஈந்து, பிழைபட்ட முடிபொன்றை இறுதிவரை காத்து நின்றவர் பெர்சிவல் லோவெல். எனினும் அவரை எள்ளி நகையாட யாம் ஒருப்படோம்.

அவர் 1855-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்தார். ஹார்வர்டிற் கணிதம் பயின்று, பின் ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் உலவி நூல்கள் இயற்றினார். அவற்றை ஈண்டு விரிப்பிற் பெருகும்.

1877-இல் மிலான் நகரத்து வானூலாராகிய சியாபரெல்லி, செவ்வாயின்மேல் மெல்லிய கோடுகள் பல கண்டு அவற்றைக் 'கனாலி' என்றார். இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கையான நீரோடைக்கும் மக்கள் வெட்டிய வாய்க்காலுக்கும் பொது. ஆங்கிலத்தார் வாய்க்கால் என்றே பெயர்த்தனர். லோவெலும் அப்பொருளையே பற்றினார். இருபொருட் சொல்லொன்று இத்துணை விளைத்தமை, சிலேடை பயிலும் எமக்கு வியப்பே.

தெளிந்த வானம் நாடி, அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரருகே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் குன்றொன்றில், 1894-இல் தம் பொருளாலேயே ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். ஈராண்டில் 24 அங்குலத் தொலைநோக்கியும் அங்கு அமைந்தது. இரவுதோறும் நோக்கி நூற்றுக்கணக்கான கோடுகள் வரைந்தார். செவ்வாய் வறண்டுவரும் உலகம். துருவப்பனி வேனிலில் உருக, அந்நீரை அங்குள்ள அறிவுடையோர் வாய்க்கால்வழி நடுக்கோடுவரை செலுத்திப் பயிர் விளைக்கின்றனர். நம் கண்ணுக்குப் புலனாவது நீரன்று, கரையோரப் பசுமையே. இதுவே அவர் கொள்கை. உண்மையாயிருந்திருப்பின் எத்துணை அழகு!

1903-இல் மாண்டர் என்பார் கிரீனிச்சிற் பள்ளிச் சிறுவர்முன் வாய்க்கால் வரையப்பெறாத செவ்வாய்ப் படத்தை வைத்து, பார்த்தவாறே எழுதச் செய்தார். தொலைவிலிருந்த சிலர் சிதறிய புள்ளிகளை இணைத்துக் கோடுகளே வரைந்தனர்! லோவெல் பொய் புனைந்தாரல்லர்; கண்ணே பொய்த்தது. 1907-இல் முதியவர் வாலஸ், அக்கடுங்குளிரிலும் மெல்லிய காற்றிலும் நீர் ஓடி நிலையாதென மறுத்து நூல் எழுதினார். 1909-இல் பாரிஸ் நகரையடுத்த மெதோனில் அந்தோனியாதி பெரியதொரு தொலைநோக்கியால் நோக்கியபோது, கோடுகள் ஒழுங்கற்ற திட்டுகளாய்ச் சிதறின. லோவெல் இசைந்தாரிலர். 1916-இல் இறந்து அக்குன்றிலேயே அடக்கம் பெற்றார்.

1965-இல் மாரினர் 4 விடுத்த படங்களில் வாய்க்கால் ஒன்றேனும் இல்லை, பள்ளங்களே தோன்றின. ஆயின் 1971-இல் செவ்வாயை அடைந்த மாரினர் 9, பண்டு நீரோடி வறண்ட இயற்கைத் தடங்களைக் காட்டிற்று. 'கனாலி' என்பதன் மற்றைப் பொருள் அது. 2008-இல் பீனிக்ஸ் என்னும் ஊர்தி வடதுருவத்தை அடுத்த சமவெளியில் மண்ணைச் சுரண்ட, சில அங்குல ஆழத்திலேயே வெண்ணிறப் பனிக்கட்டி வெளிப்பட்டது.