பெருவிரலுக்கு ஒரு பூட்டு: ஜோன் பிரவுனிங் விட்டுச்சென்ற கேள்வி

சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற என் தலைமுறைக்குத் துப்பாக்கியின் முன்பக்கம்தான் பழக்கம். அதன் பின்பக்கத்தைப் பிடித்திருப்பவரின் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அண்மையில் ஜோன் மோசஸ் பிரவுனிங்கின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், அந்தப் பெருவிரலைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விவாதம் நடந்து வருவது தெரிந்தது. கூடவே வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்குக் கையால் போட்டு எடுக்கும் பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்த விவாதம்.

பிரவுனிங் 1855 ஜனவரி 23 ஆம் திகதி அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில், ஒக்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜொனதன் துப்பாக்கி செய்பவர். பட்டறையில் கழித்துப்போட்ட இரும்புத் துண்டுகளே மகனின் விளையாட்டுப் பொருட்கள். சிறுவனாக இருந்தபோதே அவற்றைக் கொண்டு ஒரு துப்பாக்கியைச் செய்துவிட்டார். 1879 இல் முதல் காப்புரிமை கிடைத்தது. 1883 இல் வின்செஸ்டர் நிறுவனம் அந்த வடிவமைப்பை விலைக்கு வாங்கியது. பின்னொரு நாள், சுடும்போது குழல் வாயிலிருந்து வெளியேறும் வாயு அருகிலிருந்த புற்களைச் சாய்ப்பதைக் கவனித்தார். வீணாகும் அந்த விசையை வேலை வாங்கலாம் என்ற எண்ணத்திலிருந்து, வாயுவால் இயங்கும் இயந்திரத் துப்பாக்கி ஒன்று பிறந்தது. வாழ்நாளில் அவர் பெற்ற துப்பாக்கிக் காப்புரிமைகள் 128.

இவ்வளவு செய்தவர் பூட்டு விடயத்தில் ஒரே கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1900 இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட அவரது கைத்துப்பாக்கியில், குறிபார்க்கும் பின்பகுதியைக் கீழே அழுத்தினால் அதுவே பூட்டாகும். அந்த ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. 1905 இல் வந்த பெரிய துப்பாக்கியில் கைப்பூட்டு எதுவும் இல்லை. ஆனால் சட்டைப்பையில் வைப்பதற்கென 1903 இல் செய்த சிறிய துப்பாக்கியில் பெருவிரல் பூட்டும் இருந்தது, பிடிப்பூட்டும் இருந்தது. பிடிப்பூட்டு என்பது கைப்பிடியின் பின்புறத்தில் இருக்கும் ஒரு தகடு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் துப்பாக்கி சுடும்.

அமெரிக்க இராணுவம் புதிய கைத்துப்பாக்கி தேடியபோது, பிரவுனிங்கின் 1910 ஆம் ஆண்டு மாதிரியில் முதலில் பிடிப்பூட்டு மட்டுமே இருந்தது. அது போதாது என்று சொன்னவர்கள் குதிரைப்படையினர். அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி. ஒரு ரவை சுட்டதும் அடுத்த ரவை தானாகவே ஏறிவிடும், பின்னாலுள்ள சுத்தியலும் விழத் தயாராக நிற்கும். குதிரை மிரண்டால் துப்பாக்கியை உடனே இடுப்பு உறையில் செருகவேண்டும். செருகும்போதும் உள்ளங்கை கைப்பிடியை இறுக்கிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் பிடிப்பூட்டு உதவாது. சுத்தியலை ஒற்றைக் கையால் மெல்ல இறக்கப் போனால், கை நழுவி வெடித்துவிடலாம். ஒரே விரலசைவில் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும் பூட்டு ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பிரவுனிங் அதைச் சேர்த்துக் கொடுத்தார். இறுதிச் சோதனையில் 6000 ரவைகளை அந்தத் துப்பாக்கி தடங்கலின்றிச் சுட்டது. 1911 மார்ச் 29 இல் இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 இல் வேறொன்று தெரிவாகும் வரை அதுவே அமெரிக்கப் படைகளின் கைத்துப்பாக்கி.

பூட்டின் எல்லையையும் அவரது வாழ்க்கையே காட்டியது. பெல்ஜியத்தில் அவர் வடிவமைத்த 1910 மாதிரிச் சிறு துப்பாக்கியில் மூன்று பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. 1914 ஜூன் 28 இல் சரயேவோ நகரில் ஒஸ்ரிய இளவரசரையும் அவரது மனைவியையும் கொன்றது அந்த மாதிரித் துப்பாக்கிதான். தவறுதலாக வெடிப்பதைப் பூட்டு தடுக்கும். சுடுவதென்று முடிவெடுத்தவரை அது தடுக்காது.

பூட்டு வேண்டாம் என்போரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. உயிருக்கு ஆபத்தான கணத்தில் கை நடுங்கும், பூட்டை எடுக்க மறந்துபோகும் என்கிறார்கள். பழக்கம் மாறினாலும் சிக்கல்தான். 1911 துப்பாக்கியில் பூட்டைக் கீழே தள்ளினால் சுடலாம். 1985 இல் அதன் இடத்துக்கு வந்த பெரெட்டாவில் மேலே தள்ளவேண்டும். 1982 இல் ஒஸ்ரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக்கில் பெருவிரல் பூட்டே இல்லை. அதன் பாதுகாப்புப் பொறிகள் விசையை இழுக்கும்போது தாமாகவே விலகிவிடும். உலகின் பல பொலிஸ் படைகள் அதைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அமெரிக்க இராணுவம் 2017 இல் தெரிவு செய்த புதிய கைத்துப்பாக்கியில் பெருவிரல் பூட்டு மீண்டும் இருக்கிறது.

பிரவுனிங் 1926 நவம்பர் 26 இல், பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள ஆயுதத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 71. அவர் தொடங்கிவைத்த கடைசிக் கைத்துப்பாக்கியை உடன் பணியாற்றிய சைவ் என்ற வடிவமைப்பாளர் முடித்தார். 1935 இல் வெளிவந்த அதிலும் பெருவிரல் பூட்டு உண்டு.

என் பக்கம் எது என்று கேட்டால், பூட்டின் பக்கமே நிற்பேன். பூட்டு வேண்டாம் என்போர், சுடுபவர் இழக்கும் கணத்தைக் கணக்கிடுகிறார்கள். சனம் நெருக்கியடிக்கும் வரிசையில், களைத்துப்போன ஒருவர் துப்பாக்கியை உறையில் செருகும் கணத்தையும் கணக்கிடவேண்டும். குதிரைப்படையினர் கேட்டது அந்தக் கணத்துக்கான பூட்டைத்தான். அதைப் போடும் பழக்கம் பெருவிரலுக்கு இல்லையென்றால், பிரவுனிங் செய்த பூட்டாலும் பயனில்லை. துப்பாக்கியைக் கொடுப்பவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தைக் கொடுத்தார்களா என்பதே, வரிசையில் நின்றவன் என்ற முறையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.