கேசவ தேவ் மாளவியா

கேசவ தேவ் மாளவியா (1904–1981) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் நடுவண் அமைச்சரும் ஆவார். எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் உருவாகக் காரணமாக இருந்தமையால் இந்திய எண்ணெய்த் துறையின் தந்தை என அழைக்கப்படுகிறார். எண்ணெய் வயல்களைத் தொலைவிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகளுடன் இணைக்கும் நாட்டின் முதல் நெடுங்குழாய்வழி இவரது பதவிக்காலத்தில் தொடங்கப்பட்டது.

இளமை

கான்பூரிலுள்ள ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கல்லூரியில் எண்ணெய்த் தொழில்நுட்பம் பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

எண்ணெய்த் தேடல்

அசாமின் திக்பாயில் 1901 இல் வயலை ஒட்டியே ஆலை அமைக்கப்பட்டதால் கச்சா எண்ணெயை நெடுந்தூரம் கொண்டு செல்லத் தேவையிருக்கவில்லை. 1954–1957 காலப்பகுதியில் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் வெளிநாட்டு நிறுவனங்கள் அமைத்த ஆலைகளோ கப்பலில் வந்த எண்ணெயை நம்பியிருந்தன. இந்நிலையை மாற்ற விரும்பிய மாளவியா, சோவியத் வல்லுநர்களின் உதவியுடன் அரசே எண்ணெய் தேட வழிசெய்தார். 1956 இல் ஆணையம் அமைந்தது. குஜராத்தின் காம்பேயில் 1958 இலும் அங்கலேஷ்வரில் 1960 இலும் எண்ணெய் கண்டறியப்பட்டது.

குழாய்வழிகள்

அசாமின் நகர்கட்டியாவில் 1953 இல் எண்ணெய் கண்டறியப்பட்டிருந்தது. அதனைப் பீகாருக்குக் கொண்டு சென்று சுத்திகரிக்கும் திட்டத்தை எதிர்த்து, தம் மண்ணின் எண்ணெய்க்குத் தம் மாநிலத்திலேயே ஆலை வேண்டுமென அசாம் மக்கள் போராடினர். முடிவில் குவகாத்தியில் சிறிய ஆலையும் (1962) பீகாரின் பரௌனியில் பெரிய ஆலையும் (1964) அமைந்தன. இரண்டுக்கும் எண்ணெய் வழங்கிய குழாய்வழியின் நீளம் 1,157 கி.மீ. ஆகும். அசாம் எண்ணெயில் மெழுகு மிகுதி. குளிரில் அது குழாயினுள் உறைந்துவிடக் கூடும். எனவே எண்ணெயைச் சூடாக்கி, பின்னர் கட்டுப்பாட்டுடன் குளிர்வித்து, எளிதில் பாயும் நிலைக்குக் கொணர்ந்தே குழாயில் செலுத்தினர்.

அங்கலேஷ்வர் எண்ணெய் முதலில் தொடருந்தில் பம்பாய் ஆலைகளுக்குச் சென்றது. 1965 இல் கொயலி ஆலை இயங்கத் தொடங்கியபின் குழாய்வழியே அங்கு சென்றது.

பதவி விலகலும் பிற்காலமும்

சுரங்க உரிமையாளர் ஒருவரிடம் தேர்தல் நிதி பெற்றுத்தந்ததாக எழுந்த குற்றச்சாட்டினால் 1963 இல் மாளவியா பதவி விலகினார். பரௌனி, கொயலி ஆலைகள் இயங்கத் தொடங்கியபோது அவர் அமைச்சராக இல்லை. 1974 இல் பெட்ரோலியத் துறை அமைச்சராக மீண்டும் பொறுப்பேற்றார். 1976 இல் பம்பாய் ஹை கடல் வயலில் உற்பத்தி தொடங்கியது. தொடக்கத்தில் கப்பல்களில் கரைசேர்ந்த அவ்வெண்ணெய், 1978 முதல் கடலடிக் குழாய்வழியே உரனை அடைந்தது.

தேராதூனிலுள்ள எண்ணெய்த் தேடல் ஆய்வு நிறுவனம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.